அஞ்சரை லட்சம் வீடு: பத்து வருசம் இருந்து பாத்த மேசன்ர ரிவியூ

போன கிழமை கனடாவில இருந்து எங்கட ஊர்ச் சங்கத்துக்காரர் ஒராள் வட்ஸ்அப்பில கோல் எடுத்தவர். சங்கத்தில கொஞ்சக் காசு சேந்திருக்காம், ஊரில வீடில்லாத ஆருக்கும் ஒரு வீடு கட்டிக் குடுக்கப் போகினமாம், "தம்பி நீ மேசன்தானே, உந்த வீட்டுத்திட்ட வீட்டிலதானே இருக்கிறாய், எப்பிடி உந்த வீடு, அதே மாதிரி ஒண்டு கட்டினாப் போதுமோ" எண்டு கேட்டார். நான் "ஓம் அண்ணை, பரவாயில்லை" எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். பிறகு இரவு படுத்துக்கொண்டு யோசிச்சா, பரவாயில்லை எண்டது ஒரு பதிலே இல்லை. ஆக்கள் ரைஸ் குக்கருக்கும் புளூடூத் ஸ்பீக்கருக்கும் பக்கம் பக்கமா ரிவியூ எழுதுகினம், வாழ்க்கையில ஒருக்காக் கிடைக்கிற சாமானுக்கு ஒருத்தரும் எழுதிறேல்ல. அதால நானே எழுதுறன், நீளமாப் போகும், பொறுமையா வாசியுங்கோ.

முதல் நான் ஆர் எண்டு சொல்லோணும். இலங்கையில கிளிநொச்சி, தருமபுரம் பக்கம் மேசன். 2012 கடைசியில இருந்து 2015 மட்டும் பரந்தன்ல இருந்து விசுவமடு மட்டும், சண்டை முடிஞ்சாப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில இந்த மொடல் வீடு முப்பதுக்குக் கிட்டக் கட்டியிருக்கிறன், அதில ஒண்டு என்ர. 2014 தைப்பொங்கலோட பால் காய்ச்சிக் குடிபுகுந்தனாங்கள். அப்ப பூச்சுக்கூட முடியேல்ல, நிலம் வெறும் கிரவல், ஆனா மனிசி இனித் தகரக் கொட்டிலுக்க ஒருநாள் கூடப் படுக்கமாட்டன் எண்டு நிண்டவா.

இதுக்கு முதல் பாவிச்ச மொடலுகளையும் சொன்னாத்தான் ஒப்பிட்டுப் பாக்கலாம். 2009ல சண்டையின்ர கடைசி மாசங்கள் தறப்பாள், அதைப் பற்றி எழுதேல்ல. பிறகு செட்டிகுளம் மனிக் பாம், இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த பெரிய முகாம், அதில அருணாசலம் முகாமில கூடாரம். ரெண்டு லட்சத்துக்கு மேல சனம் அந்தக் காட்டுக்க. ஒரு கூடாரத்துக்க நாங்களும் இன்னொரு குடும்பமும், நடுவில மனிசியின்ர சீலை ஒண்டு தொங்கும், அதுதான் சுவர். பகல் பதினொரு மணிக்கு மேல உள்ளுக்க இருக்கேலாது, ஆவணி மாசம் வந்த மழையோட வெள்ளம் உள்ளுக்க வந்து சட்டி பானை மிதந்தது. 5க்கு 1, அந்த ஒண்டும் குடும்பம் ஒண்டா இருந்ததுக்கு. 2010ல ஊருக்கு விட்டாப் பிறகு 25,000 ரூபா காசும் கூரைத் தகரமும் தந்தவை, அதை வச்சு காட்டுத்தடி வெட்டிக் கொட்டில் போட்டனாங்கள். தகரம் வெயிலுக்கு அடுப்பு, மழைக்குப் பறை, பக்கத்தில இருந்து கதைக்கிறது கூடக் கேக்காது. ஆனாப் பாருங்கோ அந்தக் கொட்டிலுக்கு நான் 3 ஸ்ரார் குடுப்பன். ஏனெண்டா அது என்ர காணிக்க, என்ர கிணத்தடிக்குப் பக்கத்தில நிண்டது. ஒரே தகரத்தை நீங்கள் வேற எங்கயும் கொண்டுபோய் வச்சா 1தான். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

இப்ப சாமானுக்கு வருவம். 550 சதுர அடி. ரெண்டு அறை, ஒரு ஹோல், குசினி, சின்ன விறாந்தை, வெளியில தனியா ஒரு ரொய்லெட். அந்த நேரம் இஞ்ச வந்த வீட்டுத்திட்டங்களில கனக்க அஞ்சரை லட்சம் ரூபாய்தான் குடுத்தது. பெரிசு இந்தியாவின்ர, 2010 ஆனியில 50,000 வீடு எண்டு அறிவிச்சது. முதல் ஆயிரம் கொன்ராக்ட்காரர் கட்டினது, பிறகு 2012 ஒக்ரோபர் 2, காந்தி பிறந்த நாள் அண்டைக்குத் துவங்கினதில இருந்து காசைச் சனத்தின்ர எக்கவுண்டுக்கே போட்டு நீயே கட்டு எண்டு விட்டவை. எனக்குக் கிடைச்சது வேற ஒரு நிறுவனத்தின்ர, பேர் வேண்டாம், முறை அதே முறைதான். அத்திவாரம் முடிய ஒரு கட்டம், வளைமட்டம், அதாவது கூரை ஏத்திற உயரம், வர ஒரு கட்டம், கூரை, பிறகு பூச்சும் நிலமும். ஒவ்வொரு கட்டமும் ரீஓ, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர், வந்து பாத்துப் படம் எடுத்துக்கொண்டு போனாத்தான் அடுத்த காசு.

இந்த முறைதான் இந்த வீட்டின்ர ஆகப் பெரிய பிளஸ். நான் மேசன் எண்டபடியாச் சொல்லேல்ல, கண்ணால பாத்தது. கொன்ராக்ட் வீட்டில ஆள் கட்டிட்டுப் போயிடுவான், வீட்டுக்காரர் கடைசி நாள் திறப்பு வாங்கத்தான் வருவினம். எங்கட முறையில வீட்டுக்காரம்மா காலமை தேத்தண்ணியோட வந்து நிப்பா, சீமெந்து எத்தினை சட்டி போடுறாய், மண் எத்தினை சட்டி போடுறாய் எண்டு எண்ணிக்கொண்டு நிப்பா. ஒராள் எனக்கு முன்னால கல்லை நிலத்தில போட்டு உடைஞ்சா அந்த லோட்டையே திருப்பி அனுப்பினவா. என்ர வீட்டில பிளானில குசினி வாசல் மேற்கில, மனிசி கிணத்தடிப் பக்கம் கிழக்கிலதான் வேணும் எண்டா, ரீஓ ஏலாது எண்டார், அம்மா போய் அவரோட அரை மணித்தியாலம் கதைச்சா, வாசல் கிழக்குக்கு வந்திட்டுது. சின்ன விசயம். ஆனா நாலு வருசமா எங்க படுக்கிறது, எப்ப சாப்பிடுறது, எந்த லைனில நிக்கிறது எண்டு வேற ஆக்கள் சொல்லச் சொல்லக் கேட்ட சனத்துக்கு, வாசல் எந்தப் பக்கம் எண்டு தானே சொல்லுறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2016 பக்கம் 65,000 இரும்பு வீடு எண்டு ஒரு திட்டம் கதைச்சவை, ஞாபகம் இருக்கும். ஒரு வீடு கிட்டத்தட்ட 21 லட்சம். இரும்புச் சட்டத்தில பலகை மாதிரிப் பூட்டுறது. மாதிரி வீடு போய்ப் பாத்த ஆக்கள் பளபளப்பா வடிவா இருக்கு எண்டு சொன்னவை, அந்தக் காசுக்கு நாலு கல்வீட்டுக்குக் கிட்டக் கட்டலாமே எண்டு கன பேர் சண்டை பிடிச்சவை. என்ர கேள்வி வேற. அதில ஆணி அடிக்கலாமோ? மகள் கலியாணம் கட்டினா பக்கத்தில ஒரு அறை இழுக்கலாமோ? வெடிச்சா ஊரில இருக்கிற மேசன் பூசலாமோ? அந்த 65,000 வீட்டில ஊர்க் கையாளுக்கு ஒரு நாள் கூலி வருமோ? கடைசியில அந்தத் திட்டம் அப்பிடியே படுத்திட்டுது, எனக்குக் கவலை இல்லை.

சரி, இனிக் குறை. அஞ்சரை லட்சம் காணாது. காணாது எண்டது கட்டத் துவங்கேக்க ஒருத்தருக்கும் விளங்கேல்ல. ஒரு ஊரில நூறு வீடு ஒரே மாசத்தில துவங்கினா என்ன நடக்கும்? மண் லோட் விலை ஏறிச்சு, கல்லு அரியிறவன் விலை ஏத்தினான், பனைமரத்துக்கு ஆக்கள் அடிபட்டவை, பச்சை வேம்பில நிலை செய்து வித்தாங்கள், அது ஆறு மாசத்தில திரும்பிக் கதவு பூட்டேலாமப் போனது. மேசன் கூலியும் ஏறிச்சு. ஓம், நானும்தான் ஏத்தினனான், ஒளிக்கேல்ல. ஒரு நாள்ல நாலு வீட்டுக்காரர் வந்து படலையில நிண்டா ஆர்தான் ஏத்தாம இருப்பான்? காசு தந்தவைக்கு ஒரு யோசினை சொல்லலாமெண்டா, கட்டம் கட்டமா ஊரைப் பிரிச்சுத் துவங்கியிருக்கலாம்.

மிச்சத்துக்கு என்ன செய்தது எண்டா, தோடு அடைவு, பிறகு சங்கிலி அடைவு, பிறகு கிழமைக் கடன். மோட்டச்சைக்கிளில வந்து நிண்டு அஞ்சு பொம்பிளையளைக் குழுவாக்கி ஒராளுக்கு ஒராள் பிணை நிக்க வச்சுக் குடுக்கிற கடன். வட்டி கேட்டாத் தலை சுத்தும், 2018ல தான் 35 வீதத்துக்கு மேல எடுக்கக்கூடாது எண்டு வரையறை வந்ததெண்டா அதுக்கு முதல் எப்பிடி இருந்திருக்கும் எண்டு நீங்களே நினைச்சுப் பாருங்கோ. அதே வருசம் வறட்சியால பாதிச்ச 12 மாவட்டத்தில பொம்பிளையள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உள்பட்ட கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அதுக்குள்ள எங்கட ஒழுங்கையில ரெண்டு வீடு பூட்டியாச்சு. ஒண்டு அம்மா குவைத்துக்குப் போய்ப் பிள்ளையள் அம்மம்மா வீட்டில, மற்றது முழுக் குடும்பமும் இரவோட இரவா வவுனியாப் பக்கம் போயிட்டினம், கடன்காரன் படலையில நிக்கிறான் எண்டு. வீடு வடிவா நிக்குது, முத்தத்தில நாயுருவி இடுப்பளவு. வீடு இல்லாமப் போறது எண்டா குண்டு விழுந்துதான் போகோணும் எண்டில்லை, வீடு கட்டியும் போகலாம். நான் பூசின சுவர், அதால சொல்லுறன்.

இன்னொரு குறை கட்டிடத்தில இல்லை, விண்ணப்பப் போமில. உந்த வீடு கிடைக்கோணுமெண்டா முதல் காணி வேணும், காணிக்குப் பேப்பர் வேணும், பிறகு குடும்பம் வேணும், பிள்ளையள் கூட இருந்தா புள்ளி கூட. நல்லாத்தான் கிடக்கு கேக்க. ஆனா உண்மையா ஒண்டுமில்லாதவனிட்ட இல்லாத சாமான்களின்ர லிஸ்ட்தான் அது.

1977 கலவரத்துக்கும் 1983 கலவரத்துக்கும் பிறகு மலையகத்தில இருந்து வந்து இஞ்ச காடு வெட்டின சனம் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் எண்டு கிளிநொச்சியைச் சுத்தி எவ்வளவு இருக்கினம். எங்கட வயலில கூலி வேலை முழுக்கச் செய்தது அந்தச் சனம். நாப்பது வருசம் இருந்தும் கன பேருக்குக் காணிப் பேப்பர் இல்லை, சிலர் இருக்கிற நிலம் வெளிநாட்டில இருக்கிற ஆற்றையோ உறுதிக் காணி. பக்கத்து ஒழுங்கையில கல்வீடு எழும்பேக்க அவை கிடுகு மாத்திக்கொண்டு இருந்தினம். அந்த வீடுகளுக்கும் சுவர் கட்டக் கல்லுச் சுமந்தது அவையின்ர பெடியள்தான்.

பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணியிலயும் சிக்கல் இருக்கு. அந்தச் சட்டம் 1935ல வெள்ளைக்காரன் காலத்தில வந்தது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளி ஆர் எண்டு எழுதி வைக்காமச் செத்தா ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் எண்டு கிடந்தது, 2022ல தான் அதைத் திருத்தினவை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பெர்மிட் மனிசன்ர பேரில, மனிசனை 2009ல இருந்து காணேல்ல. ஒபிசில இறப்புச் சான்றிதழ் கொண்டாங்கோ எண்டுவினம். அவா கொண்டுவரமாட்டா. அவர் செத்தவர் எண்டு நானே கையெழுத்து வைக்கிறதோ எண்டு கேப்பா. 2016ல காணாமற்போனவர் எண்டு தனியா ஒரு சான்றிதழ் குடுக்கலாம் எண்டு சட்டம் வந்தது, அதையும் அவா எடுக்கேல்ல, அதுவும் கணக்கை மூடுற வேலைதான் எண்டு சொல்லுறா. 2017 மாசி 20ஆம் திகதியில இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில, காணாமற்போனவை எங்க எண்டு கேட்டுப் போராட்டம் இருந்த ஆக்களில அவாவும் ஒராள். இப்ப தமையன்ர வளவுக்க ஒரு பத்தி இறக்கி இருக்கிறா. கணக்கில அவா வீடில்லாதவா இல்லை, தமையன்ர வீட்டில இருக்கிறவா.

முல்லைத்தீவில கேப்பாப்புலவுச் சனத்தின்ர கதை இன்னும் வேற. காணியும் இருக்கு, பேப்பரும் இருக்கு, உள்ளுக்க போகேலாது, ஆமி. மனிக் பாம் 2012 புரட்டாதியில மூடேக்க கடைசியா வந்தது அவைதான், வந்தும் சொந்த ஊருக்கு இல்லை, சீனியாமோட்டைக் காட்டுக்க. அதே பக்கம் பிலக்குடியிருப்பு ஆக்கள் 2017 தை கடைசியில முகாம் கேற்றடியில போய் இருந்து, ஒரு மாசம் வெயிலிலயும் பனியிலயும் பிள்ளை குட்டியோட கிடந்து, பங்குனி ஒண்டாம் திகதி காணியை எடுத்தவை. அவைக்கு அந்த நேரம் ஆரும் வந்து வேற இடத்தில வீடு தாறம் எண்டா என்ன சொல்லியிருப்பினம் எண்டு நினைக்கிறியள்?

பிறகு அரைவாசி வீட்டுக்காரர். 2018, 2019ல ஒரு வீட்டுத்திட்டம் வந்தது, இருக்கிற கொட்டிலைப் பிரி, அத்திவாரம் போடு, காசு வரும் எண்டு. சனம் நம்பிப் பிரிச்சது. 2019 கடைசியில ஆட்சி மாற, வந்துகொண்டிருந்த காசு நிண்டுட்டுது. ஒராளுக்கு அத்திவாரம் மட்டும், ஒராளுக்கு யன்னல் மட்டத்துக்குச் சுவர், ஒராளுக்குக் கூரை மட்டும் இல்லை. பிறகு 2022 வந்து ஒரு பாக் சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டிப் போக, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு. பிரிச்ச தகரத்தைத் திரும்ப எடுத்து அந்த அத்திவாரத்துக்கு மேலயே சாத்தி வச்சுக்கொண்டு இருக்கினம். கிளிநொச்சி முல்லைத்தீவில றோட்டால போகேக்க பாக்கலாம், ஆடு கட்டியிருக்கும்.

இனி நான் இதை எழுத உண்மையான காரணம். எங்களோட கையாளா வேலை செய்த ஒரு அண்ணை, இப்ப 67 வயசு. அவருக்கும் வீடு கிடைச்சது, 2013ல, முல்லைத்தீவுப் பக்கம் உள்ளுக்க ஒரு குடியேற்றத்தில. அதே 550 சதுர அடி, நான்தான் கட்டினன், என்ர வீட்டை விட வடிவாப் பூசினனான். அந்த மனிசன் கிழமையில அஞ்சு நாள் கிளிநொச்சி ரவுணில கடை வாசலில படுக்கிறார், இல்லாட்டி பஸ் ஸ்ராண்டில. முதல் தெரியாது எனக்கு. ஒருநாள் விடிய நாலரைக்கு வவுனியா போறதுக்கு பஸ்ஸுக்கு நிக்கேக்க, வாங்குக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுத்திருக்கிறார், தலைக்கு மட்டத்தடியும் கரண்டியும் சுத்தின பை.

"அண்ணை, வீடு இருக்கெல்லோ, ஏன் இஞ்ச வந்து கிடக்கிறியள்?"

"வீட்டில ஆர் தம்பி இருக்கினம்? இஞ்ச எண்டாலும் விடிய பஸ்காரன் எழும்படா எண்டு ஏசுவான்."

மனிசி 2017ல மோசம் போயிட்டா. மகன் 2012ல படகில அவுஸ்திரேலியாவுக்குப் போனவன், போய்ச் சேந்தான், ஆனா வீசா இல்லை, காசு அனுப்பிற அளவுக்கு இல்லை. அந்தக் குடியேற்றத்துக்கு மெயின் றோட்டில இருந்து ஒன்பது கிலோமீற்றர் கிரவல் பாதை, பின்னேரம் நாலு மணி பஸ்தான் கடைசி, மேசன் வேலை அஞ்சரைக்குத்தான் முடியும். கோடையில கிணறு வத்தும், மாரியில ஆனை வரும், பின் சுவரில ஒருக்கா முதுகு தேய்ச்சிட்டுப் போய் வெடிப்பு விழுந்து கிடக்கு. ஊரில வேலை இல்லை, அரைவாசி வீடு பூட்டு. ஒராளும் இல்லாத இடத்தில நீரிழிவோட இருக்கிற தனி மனிசன் இரவில தலை சுத்தி விழுந்தா ஆர் பாக்கிறது? அவர் பயந்து வந்து ரவுணில படுக்கிறார். குடிக்கிறவர், அதையும் சொல்லோணும். ஆனா குடிச்சதால றோட்டுக்கு வந்தவர் எண்டு சனம் கதைக்கிறது பிழை, மனிசி இருக்கு மட்டும் அந்தாள் கள்ளோட சரி, றோட்டில படுக்கத் துவங்கினாப் பிறகுதான் சாராயம். சாராயம் இல்லாம அந்த சீமெந்து வாங்கில நித்திரை வராது, ஒருக்காப் படுத்துப் பாருங்கோ விளங்கும்.

அண்டைக்குத்தான் எனக்கு என்ர தகரக் கொட்டில் கணக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு 4 ஸ்ரார், அது நிக்கிற இடத்துக்கு சைபர், ரெண்டையும் கூட்டிப் பிரிச்சு 2 எண்டு சொல்லேலாது, பெருக்கோணும். பெருக்கினா சைபர்தான்.

சங்கங்கள் பஸ் ஸ்ராண்டுக்கு வாறவை. பிறந்தநாள், திவசம் எண்டா சோத்துப் பார்சல் வரும். ஒரே நாள்ல மூண்டு பேர் மூண்டு பார்சல் குடுத்து ரெண்டு பழுதாப்போய் நாய்க்குப் போட்டதும் இருக்கு, பிறகு நாலு நாள் ஒருத்தரும் இல்லை. பெட்சீற் குடுக்கிறவை, ஒராளிட்ட அஞ்சு பெட்சீற், வைக்க இடமில்லாமப் பஸ் ஸ்ராண்ட் மதில்ல கிடக்கும். ஒவ்வொண்டுக்கும் போட்டோ. அண்ணை ஒருக்கா போட்டோவுக்கு முகத்தைத் திருப்பினதுக்கு, தாறதை வாங்கத் தெரியாத மனிசன் எண்டு ஏச்சு வாங்கினவர். அதே ஆள் தனக்கு ஒரு கிழமை வேலை இருந்தா ஒரு பார்சலும் வாங்கமாட்டார், அம்மாச்சி உணவகத்தில போய்க் காசு குடுத்துத் தோசை சாப்பிடுவார். சட்டமும் ஒரு பக்கம் நிக்குது, வேலை வெட்டி இல்லாம வெளியில படுக்கிறது குத்தம் எண்டு 1841ல போட்ட சட்டம். படுக்க இடமில்லாதவனை எழுப்பிக் கலைக்கலாம், எங்க போய்ப் படுக்கிறது எண்டு சொல்ல அதில ஒரு பிரிவும் இல்லை.

நாங்கள் நாலு மேசன்மார் சேந்து ஒரு வேலை செய்தனாங்கள். பெரிய தொண்டு எண்டு நினைக்காதேங்கோ, கையாள் விடியக் காலமை ஆரோக்கியமா வேலைக்கு வரோணும் எண்ட சுயநலமும் இருக்கு. ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால சும்மா கிடந்த ஸ்ரோர் அறை, மாசம் 6,000 வாடகை. மூண்டு பேரை விட்டனாங்கள், ஆளுக்கொரு திறப்பு, நாளைக்கு 50 ரூபா தரோணும் எண்டு, சும்மா தந்தது எண்டு இருக்கக்கூடாது எண்டு அண்ணைதான் சொன்னவர். முதல் மாசம் எங்களில ஒராள் குடிச்சிட்டு வந்தா உள்ளுக்க விடக்கூடாது எண்டு சட்டம் போட்டார். என்ன நடந்தது? ரெண்டு பேர் திரும்பவும் பஸ் ஸ்ராண்டில. குடிச்சவன்தானே படுக்க இடமில்லாமக் கிடக்கிறான், அவனை விடாட்டி அறை ஆருக்கு? பிறகு மாத்தினம், குடிச்சிட்டு வா, சண்டை பிடிக்கக்கூடாது, சத்தி எடுத்தா நீதான் கழுவோணும், அவ்வளவுதான். மூண்டாவது மாசம் ஒராள் பானையும் தூக்கிக்கொண்டு போயிட்டான், அந்தக் கதையும் இருக்கு. பான் எண்டது காத்தாடி, 4,500 ரூபா, என்ர காசு.

ஆனா அண்ணை மாறினார். அறைக்கு வந்து ரெண்டு மாசத்தில தானாகக் கேட்டார், தம்பி கிளினிக் எண்டைக்கு எண்டு. மருந்து வைக்க ஒரு தட்டு இருந்தா மனிசனுக்கு மருந்து எடுக்க யோசினை வருது, பெட்டியில பூட்டி வைக்கேலுமெண்டா ஐசி, அடையாள அட்டை, துலையிறேல்ல, ஐசி இருந்தாத்தான் அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசுக்குப் போமே நிரப்பலாம். பஸ் ஸ்ராண்டில படுக்கிறவரிட்ட குடியை விடு, மருந்தை எடு, பேப்பரைக் கொண்டா, பிறகு இடம் தாறன் எண்டு சொல்லுறது, மேசன் பாசையில சொன்னா, கூரையைப் போட்டிட்டு அத்திவாரம் கேக்கிற வேலை.

இதை நான் புதுசாக் கண்டுபிடிச்சன் எண்டு நினைச்சன். பிறகு நோர்வேயில இருக்கிற மச்சான் சொன்னவன், பக்கத்தில பின்லாந்தில உதைத்தான் நாடு முழுக்கச் செய்யிறாங்கள் எண்டு. முதல் வீட்டுத் திறப்பு, அதுவும் தன்ர பேரில வாடகை ஒப்பந்தத்தோட, மிச்சமெல்லாம் பிறகு, ஆனா பிறகு எண்டு விட்டிட்டுப் போறேல்ல, வந்து பாக்க ஆள் இருக்கு. 2008ல இருந்து பெரிசாச் செய்யினம், கெல்சிங்கியில 1985ல 2,000க்கு மேல இருந்த இராத்தங்கல் கட்டில் 2016ல 52. கட்டிலைக் குறைச்சது காசில்லாம இல்லை, அந்த மடங்களையே சின்னச் சின்ன வீடா மாத்தினபடியா. எங்கட ஸ்ரோர் அறையையும் பின்லாந்தையும் ஒண்டா வைக்கிறன் எண்டு சிரிக்காதேங்கோ. அங்க குளிருக்குச் செத்திடுவாங்கள், இஞ்ச நுளம்புதான், அதாலதான் எங்கட ஆக்கள் அவசரப்படுறேல்லைப் போல.

ரிவியூ எண்டா ஸ்ரார் போடோணும். வீடு, வீடாப் பாத்தா 5க்கு 4. பத்து வருசத்தில என்ர வீட்டில குசினி மூலையில ஒரு ஒழுக்கு, முன் யன்னலுக்குக் கீழ ஒரு மயிர்வெடிப்பு, அவ்வளவுதான், 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடு திறந்துவிட்டுக் கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணியா நிக்கேக்க எங்கட சொந்தக்காரர் பதினாலு பேர் இதுக்குள்ளதான் படுத்தவை. காசைக் கையில தந்து கட்டவிட்ட முறைக்கு நாலரை. ஆருக்குக் குடுக்கிறது எண்டு தெரிவு செய்யிற போமுக்கு ஒண்டரை. விற்ற பிறகு சேவைக்கு சைபர், பூச்சு முடிஞ்சு படம் எடுத்தாப் பிறகு ஒருத்தரும் வந்து உள்ளுக்க ஆர் இருக்கினம், எப்பிடி இருக்கினம் எண்டு ஒருநாளும் கேக்கேல்ல. ஒரு பிரிட்ஜ் வாங்கினாலே ரெண்டு வருசம் வொரண்டி தாறாங்கள்.

அண்ணை, கனடா அண்ணை, இனி உங்களுக்கு. புது வீடு வேண்டாம். உங்கட காசுக்கு இப்ப முழு வீடு எழும்பாது, அந்த அஞ்சரை லட்சத்துக்கு இண்டைக்கு அத்திவாரமும் கொஞ்சச் சுவரும்தான். அரைவாசியில நிக்கிற வீடு பாருங்கோ, அதில காணி இருக்கு, பேப்பர் இருக்கு, சனம் அங்கயே இருக்கு, பள்ளிக்கூடம் பக்கத்தில. எங்கட பக்கம் மூண்டு பிள்ளையளோட ஒரு தங்கச்சி இருக்கிறா, சுவர் வளைமட்டம் மட்டும் வந்து அஞ்சு வருசமா வானம் பாத்துக்கொண்டு நிக்குது. காசை எனக்கு அனுப்பவேண்டாம், அவாவின்ர எக்கவுண்டுக்குக் கட்டம் கட்டமாப் போடுங்கோ, சாமான் அவாவே வாங்கட்டும், நான் வேலையை மட்டும் செய்யிறன். விலை ஏறும் எண்டு கொஞ்சத்தைப் பொத்தி வையுங்கோ. மிஞ்சினா ஹாட்வெயார் கடைக்குப் பின்னால இருக்கிற அந்த அறை வாடகையை ஒரு வருசத்துக்கு நீங்கள் பாருங்கோ, 72,000தான், ஒரு ஒண்டுகூடல் சாப்பாட்டுச் செலவு. சுவரில சங்கத்தின்ர பேர்க்கல்லு பதிக்கக் கேப்பியள் எண்டு தெரியும். அந்தப் பிள்ளையின்ர மூத்தவள் பத்தாம் வகுப்பு, வகுப்புப் பெட்டையள் வீட்டுக்கு வருவாளவை, வேண்டாம்.

நேற்றுப் போய் அளந்து பாத்தன். கூரைக்கு 34 சீற், பனைமரம் பழசு கொஞ்சம் ஊரில வாங்கலாம், ரெண்டு நிலை அவாவிட்ட ஏற்கனவே கிடக்கு, பச்சை மரம் இல்லை, நல்ல காய்ஞ்சது. ஐப்பசி மழைக்கு முன்னம் முதல் கட்டக் காசு வந்தா ரெண்டு கிழமையில மூடிடலாம். கையாளா அண்ணை வாறன் எண்டு சொல்லிட்டார், அவருக்கு முழுக் கூலி, எனக்கு அரைவாசி போதும்.